நாற்பத்திரண்டாம் வருஷத்துப் பச்சை ஸ்டாம்ப்

வெண்டல் குரூம் முப்பத்தொரு வருஷம் கென்டக்கியின் விஸ்கி ஆலைகளிலேயே காலம் தள்ளினார். ஆனால் ஒரு ஆலைகூட அவருக்குச் சம்பளம் கொடுத்ததில்லை. சம்பளம் வாஷிங்டனிலிருந்து வந்தது. ஆலைக்குள் இருந்துகொண்டு ஆலைக்காரர்களைக் கண்காணிக்கிற வரி அதிகாரி அவர். மாமியார் வீட்டில் தங்கிக்கொண்டு மாமியாரையே வேவு பார்க்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்களா?

பீப்பாய்க் கிடங்கின் கதவில் எப்போதும் இரண்டு பூட்டு தொங்கும். ஒன்றின் சாவி கம்பெனிக்காரனிடம், இன்னொன்றின் சாவி அரசாங்கத்தின் ஆளிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் உள்ளே போக முடியாது. தினமும் காலையில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு கதவைத் திறந்தால் நட்பு வளரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வளராது. ஒருவரையொருவர் நம்பாததற்காகத்தானே இரண்டு பூட்டே போட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆலையை மாற்றிவிடுவார்கள், யாரோடும் ஒட்டிவிடக் கூடாது என்று. ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் மேஜைமேல் யாரோ ஒரு பன்றித் தொடை இறைச்சியை வைத்துவிட்டுப் போனார்கள். வெண்டல் அதை ஒரு சீட்டுடன் திருப்பி அனுப்பினார். அதோடு இறைச்சியும் நின்றது, குட்மார்னிங்கும் நின்றது. கல்யாணம் என்று ஒன்று அவருக்கு நடக்கவில்லை. நடத்திவைக்க ஊரில் யாருக்கு அவர்மேல் அக்கறை?

அவருடைய வேலைகளில் ஒன்று சுரண்டுவது. ஒவ்வொரு பீப்பாயின் முகத்திலும் ஒரு வரி ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும். தபால் ஸ்டாம்ப் மாதிரி நகக்கண் அளவு இல்லை. விரித்த உள்ளங்கை அளவு, பூவேலையும் படமும் அச்சடித்து, கீழே அதிகாரியின் கையெழுத்து. பீப்பாய் காலியான அந்த நிமிஷமே அதைச் சுரண்டி அழிக்க வேண்டும் என்பது சட்டம். இல்லாவிட்டால் திருட்டுச் சாராயத்தை உள்ளே ஊற்றி, வரி கட்டியதுதான் என்று சாதிப்பார்கள். வெண்டல் இரும்புத் தகட்டால் ஆயிரக்கணக்கில் சுரண்டித் தள்ளினார். எழுபத்தொன்பதில் ஓய்வு பெற்றார். அடுத்த வருஷம் ஒரு பழைய சாமான் சந்தையில், நூறு வருஷத்துக்கு முந்தைய பீப்பாய் ஸ்டாம்ப் ஒன்று முழுசாக, கிழியாமல், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பதைப் பார்த்தார். கால் மணி நேரம் அதே இடத்தில் நின்றார். தான் அழித்தது இவ்வளவு அழகா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து சேர்க்க ஆரம்பித்தார். ஆயுள் முழுக்க ஆடு வெட்டியவன் கிழவனானதும் ஆட்டுக்குட்டி வளர்க்க ஆரம்பித்த மாதிரி.

பீப்பாய் ஸ்டாம்ப் ஒரு ஆல்பம். புட்டியின் தக்கைக்கு மேலே குறுக்காக ஒட்டுகிற நீளமான பச்சை ஸ்டாம்ப் நாலு ஆல்பம். அந்தப் பச்சை ஸ்டாம்பில் விஸ்கி எந்த வசந்தத்தில் வடித்தது, எந்த இலையுதிர்காலத்தில் அடைத்தது என்று பருவமும் வருஷமும் இருக்கும். பருவத்துக்கு ஒன்று என்று வரிசையாக ஒட்டிவந்தார். ஒவ்வொன்றின் கீழேயும் பொடி எழுத்தில் அதன் குறைகளை எழுதுவார்: மூலை மடிப்பு, பின்பக்கம் பழுது பார்த்தது, சாயம் வெளுத்தது. மற்ற சேகரிப்பாளர்கள் குறையை மறைப்பார்கள். இவர் பட்டியல் போடுவார். தபாலில் மாற்றிக்கொள்ள மூன்று பேர் கிடைத்தார்கள். அவர்கள் அனுப்பியதிலும் குறை கண்டுபிடித்து இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். மூன்று பேரும் கடிதம் போடுவதை நிறுத்திவிட்டார்கள். எழுதியதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதனால் என்ன செய்ய?

சனிக்கிழமை மதியம் தபாலாபீஸ் மூடினால் திங்கள் காலைவரை அவர் வாயைத் திறக்க வேலை இருக்காது. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே டப்பா பீன்ஸைச் சாப்பிட்டு முடிப்பார். திங்கள் காலை தபாலாபீஸ் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்று "என் தபால்" என்றால், துருப்பிடித்த கீல் மாதிரி குரல் வரும். தபால்காரர் ஹோபர்ட் ரைனி கூண்டுக்குள்ளிருந்து சிரிப்பார்.

"தொண்டைக்கு எண்ணெய் போட்டுட்டு வாய்யா வெண்டல். என்னைக்காவது மனுஷங்க எழுதின லெட்டர் ஒண்ணு உனக்கு வந்துச்சுன்னா நான் கோயில் மணி அடிக்கிறேன்."

எண்பத்திரண்டு அக்டோபரில் ஒரு திங்கள். ஹோபர்ட் சிரிக்கவில்லை.

"மிஸ் ஓப்பல் உன்னைப் பார்க்கணுமாம். லீமன் மேட்டிங்லியோட சம்சாரம். லீமனை ஞாபகம் இருக்கில்ல? புட்டி அடைக்கிற இடத்துல இருந்தான்."

"இருக்கு. என்னை எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? வியாழக்கிழமை மத்தியானம், வயிற்றைக் காலியா வச்சுக்கிட்டு வரச் சொன்னாங்க. யோவ், சட்டையாவது மாத்திட்டுப் போ."

யாரோ தன்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது வெண்டலுக்கு உறைக்கச் சிறிது நேரம் ஆயிற்று. புதன்கிழமை முடி வெட்டிக்கொண்டார். வியாழக்கிழமை இரண்டு தடவை சட்டை மாற்றினார்.

ஓப்பலுக்கு எழுபத்தேழு வயது. கண்ணில் புரை விழுந்திருந்தது. வந்தவர் முகத்தைப் பார்க்காமல் குரல் வந்த பக்கமாகத் தலையைத் திருப்பிப் பேசுவார். பீன்ஸும் சோள ரொட்டியும் தக்காளித் தொக்கும் வைத்தார். வெண்டல் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அவருக்கு எதிரில் இன்னொரு ஆள் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை வருஷமாயிற்று என்று எண்ணிப் பார்க்க முயன்று, விட்டுவிட்டார்.

தட்டை எடுத்ததும் ஓப்பல் அலமாரியிலிருந்து ஒரு விஸ்கிப் புட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். தக்கைமேல் பச்சை ஸ்டாம்ப் முழுசாக இருந்தது. நாற்பத்திரண்டு வசந்தத்தில் வடித்தது, ஐம்பது வசந்தத்தில் அடைத்தது. வெண்டலின் ஆல்பத்தில் அந்த இடம் காலி. போருக்காக ஆலைகள் விஸ்கியை நிறுத்திவிட்டு வெடிமருந்துக்கு ஸ்பிரிட் காய்ச்சப் போகிற நேரத்து வசந்தம் அது. அதில் வடித்த விஸ்கியை யார் குடிக்காமல் வைத்திருந்தார்கள்? கை தானாக நீண்டது. புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்ததுமே தெரிந்துவிட்டது. விஸ்கியின் நிறம் இல்லை, அடியில் கசடு வேறு. ஸ்டாம்பு ஒரு நூலிழை கோணல். பிரித்து எடுத்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். முப்பத்தொரு வருஷம் இதைக் கண்டுபிடிக்கத்தான் அவருக்குச் சம்பளம். லீமன்தான் குடித்திருப்பான் என்று நினைத்தார். புட்டியைக் கீழே வைத்தார்.

"பார்த்துட்டீங்கள்ல?" என்றார் ஓப்பல். "உள்ள இருக்கிறது டீ. ஊத்தினது நான்தான்."

பிறகு மெதுவாகச் சொன்னார். ஐம்பதாம் வருஷம் அவர்களுடைய ஒரே மகன் பெர்னார்ட் கொரியாவுக்குச் சண்டைக்குப் போனான். போகிற அன்றைக்கு லீமன் இந்தப் புட்டியை வாங்கி மேஜைமேல் வைத்து, நீ திரும்பி வந்ததும் நாம் இரண்டு பேரும் இதை உடைப்போம் என்றார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் தந்தி வந்தது: காணவில்லை. செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. லீமன் குடிக்க ஆரம்பித்தார். கையில் கிடைத்ததையெல்லாம் குடித்தார், இந்த ஒன்றைத் தவிர.

"ஆனா ஒவ்வொரு ராத்திரியும் அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பார். இன்னைக்கு உடைச்சிடுவார், நாளைக்கு உடைச்சிடுவார்னு பயந்துட்டே இருப்பேன். உடைச்சார்னா பையன் வரமாட்டான்னு ஒத்துக்கிட்ட மாதிரில்ல? ஒளிச்சு வச்சா கேப்பார். அப்படியே உடைச்சாலும் அந்த விஸ்கி அவர் வாய்ல படக் கூடாதுன்னு, ஒருநாள் அவர் வேலைக்குப் போனதும் கெட்டில் ஆவியில காட்டி ஸ்டாம்பை எடுத்தேன். விஸ்கியை ஜாடியில ஊத்தினேன். டீயை ரொப்பி, மைதா மாவுப் பசையில ஒட்டிட்டேன்."

"அந்த விஸ்கி?"

"அஞ்சு வருஷம் கிறிஸ்துமஸ் கேக்குல ஊத்தினேன். கேக் பிரமாதம்னு அவரே ரெண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்னார்." ஓப்பல் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "என் கண்ணுக்குத் தெரிஞ்சு அவர் கடைசிவரைக்கும் அதைத் தொடல மிஸ்டர் குரூம். எழுபத்தொன்பதுல போய்ச் சேர்ந்தார். அப்ப நான் யாருன்னு சொல்லுங்க. வாக்குக் கொடுத்த மனுஷனை நம்பாதவ."

வெண்டல் காப்பிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். அவர் அதை என்னைக்காவது பிரிச்சுப் பார்த்தாரா? நான் பண்ணினது அவருக்குத் தெரியுமா? ஸ்டாம்பைப் பார்த்துச் சொல்றதுக்கு இந்த ஊர்ல உங்களை விட்டா ஆள் இல்ல. பார்த்துட்டு ஸ்டாம்பை நீங்களே வச்சுக்கங்க." கேட்கும்போது அவர் கை மேஜை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தது. பயம், என்று வெண்டல் புரிந்துகொண்டார்.

பக்கத்தில் இருக்க மனசில்லாமல் ஓப்பல் கொல்லைக்குத் துணி எடுக்கப் போனார். இடுக்கியும் பூதக்கண்ணாடியும் வெண்டலின் கோட்டுப் பையில் எப்போதும் இருக்கும். கெட்டிலை அடுப்பில் வைத்தார். ஆவியில் காட்டிக் காட்டி, இடுக்கியால் ஓரத்தைத் தூக்கி, ஸ்டாம்பைக் கிழியாமல் எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் புட்டியின் கழுத்தைப் பார்த்தார். அடியில் மஞ்சள் கோந்து. ஆலையில் அண்டாவில் காய்ச்சுகிற மாட்டுத் தோல் கோந்து அது, கடையில் கிடைக்காது. அதன்மேல் வெள்ளையாக ஒரு படலம். ஓப்பலின் மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு சொட்டு அயோடின் வைத்தார். மாவு இருந்தால் நீலமாகும். நீலமாயிற்று, மைதாப் பசை. அந்த நீலத்துக்கும் மேலே, மறுபடியும் மஞ்சள் கோந்து.

அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். சந்தேகமே இல்லை. ஓப்பல் ஒட்டியதற்கு அப்புறம் யாரோ இதைப் பிரித்திருக்கிறார்கள். பிரித்து, ஆலையிலிருந்து கோந்து கொண்டுவந்து, ஒரு நூலிழை கோணல் தவிரக் குறையில்லாமல் மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். ஓப்பல் ஆலைக்குள் காலடி வைத்ததில்லை. அந்த வீட்டில் ஆலைக் கோந்து கைக்கு எட்டுகிற ஆள் ஒருவர்தான். லீமன் புட்டியைத் திறந்தார். டீயைக் குடித்துப் பார்த்தார். பெண்டாட்டி தன்னை நம்பவில்லை என்று தெரிந்துகொண்டார். மூடி ஒட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சாகும்வரை வாயைத் திறக்கவில்லை.

ஜன்னல் வழியே ஓப்பல் தெரிந்தார். துணிக் கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, கயிற்றைத் தடவித் தடவிப் போர்வையை எடுத்துக்கொண்டிருந்தார். இந்தக் கிழவியிடம் எப்படிச் சொல்வது? அவர் உங்களைக் கையும் களவுமாகப் பிடித்தார், பிடித்துவிட்டுத் தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்றா? வெண்டல் ஆயுளில் பொய் அறிக்கை எழுதியதில்லை. ஒருமுறை ஒரு கிடங்குத் தொழிலாளி காற்சட்டைக்குள் செப்புக் குழாய் வைத்து விஸ்கி கடத்தியதை உள்ளது உள்ளபடி எழுதினார். அவன் பெண்டாட்டி மூன்று நாள் ஆலை வாசலில் வந்து நின்றாள். அந்த உண்மையால் யாருக்கு என்ன லாபம் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கெட்ட சேதி சொல்கிறவனை அடுத்த வியாழக்கிழமை யாரும் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. அவருக்கு அடுத்த வியாழக்கிழமையும் வர வேண்டும் என்று இருந்தது.

இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை தன் வேலையைப் பார்த்துவிட்டது. ஸ்டாம்ப் சேர்க்கிறவன் எவனும், எடுத்ததும் முதலில் செய்வது பின்பக்கத்துக் கோந்தைக் கழுவுவதுதான். விட்டால் காகிதத்தைத் தின்றுவிடும். வெண்டல் வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்டாம்பைப் போட்டு, விரல் நுனியால் வழவழப்புப் போகத் தேய்த்தார். ஈரத் துணியால் புட்டியின் கழுத்தையும் துடைத்தார். ஸ்டாம்ப் உலர்ந்த துணியின்மேல், புதுசு போலப் படுத்துக் கிடந்தது.

ஓப்பல் துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சொல்லுங்க."

"ஒரு தடவைதான் பிரிச்சிருக்கு," என்றார் வெண்டல். "நீங்க பிரிச்சதுதான். அவர் தொடவே இல்ல. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

குரல் பிசிறவில்லை. பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஆச்சரியம். ஓப்பல் முகம் மலரும் என்று காத்திருந்தார்.

ஓப்பல் உட்கார்ந்தார். "அப்படியா," என்றார். விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டு, "அப்போ தெரியாமலேயே போயிட்டார்."

"நல்லதுதானே மிஸ் ஓப்பல்."

"அறுபத்திமூணுல, ஈஸ்டர் நோன்பு சமயத்துல, திடீர்னு குடிக்கிறதை விட்டார். யாரும் சொல்லல. அன்னைலேர்ந்து என்கிட்ட ஒரு தடவைகூடக் குரல் உசத்திப் பேசினதில்ல. சாப்பிட்டதும் எழுந்து வந்து தட்டைத் துடைப்பார். எந்த ஆம்பிளை இந்தப் பக்கத்துல தட்டைத் துடைச்சான்? அவர் அந்த டீயைக் குடிச்சுப் பார்த்திருக்கணும்னு நினைச்சேன். நான் எவ்வளவு பயந்து போயிருந்தேன்னு அதுல புரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். போறதுக்கு முந்தின நாள் என் கையைப் பிடிச்சு, 'நீ பண்ணினதெல்லாம் சரிதான் ஓப்பல்'னார். எல்லாம் தெரிஞ்சு, மன்னிச்சுட்டுப் போறார்னு நம்பிட்டேன். மூணு வருஷமா அந்த நம்பிக்கையிலதான் தூங்கினேன். கண்ணு முழுசாப் போறதுக்குள்ள அதை உறுதி பண்ணிக்கலாம்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்."

வெண்டல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"மிஸ் ஓப்பல், நான் சொன்னது பொய். ரெண்டு தடவை பிரிச்சிருக்கு. உங்க பசைக்கு மேல ஆலைக் கோந்து இருந்துச்சு. அவர்தான். அவருக்குத் தெரியும்."

ஓப்பல் தலையைத் திருப்பினார். "காட்டுங்க. தடவிப் பார்த்தாலாவது எனக்குத் தெரியும்."

வெண்டல் புட்டியை எடுத்தார். கழுத்து பளபளவென்று இருந்தது. ஸ்டாம்பைத் திருப்பினார். துவைத்த துணி மாதிரி வெள்ளையாக இருந்தது. ஓப்பல் இரண்டையும் விரலால் தடவினார், வழுவழுவென்று இருந்தது.

"நான் கழுவிட்டேன். பழக்கதோஷம். ஸ்டாம்பை எடுத்தா கழுவிடுவோம். ஆனா இருந்துச்சு. மேல மஞ்சள், நடுவுல உங்க மைதா, அடியில மஞ்சள். சத்தியமா சொல்றேன். டீகூட ஒரு விரல்கடை குறைஞ்சிருக்கு பாருங்க, அவர் குடிச்சது."

"பீப்பாய்ல இருக்கிறதே வத்துது, முப்பது வருஷம் புட்டில இருக்கிறது வத்தாதா?" ஓப்பல் அவர் கையைத் தேடிப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். "பரவாயில்ல மிஸ்டர் குரூம். முதல்ல சொன்னதுதான் நிஜம். கிழவி மனசு ஒடிஞ்சுட்டாளேன்னு இப்ப மாத்திச் சொல்றீங்க. ஊர்ல உங்களைக் கல்லுன்னாங்க. இப்படி இளகின மனசுன்னு யாருக்கும் தெரியல."

"இல்ல மிஸ் ஓப்பல்—"

"அடுத்த வியாழக்கிழமை வாங்க. கோழி வறுக்கிறேன்."

இன்னொரு நிபுணரைக் கூட்டிவரலாம் என்றால், பார்ப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. வீட்டுக்கு வந்ததும் வெண்டல் தன் பழைய அறிக்கைப் படிவம் ஒன்றைத் தேடி எடுத்தார். கிடங்குகளுக்கு எழுதுவது போலவே எழுதினார்: பரிசோதித்த பொருள், தேதி, கண்டது, அடுக்கு அடுக்காகக் கோந்தின் விவரம், முதலில் வாய்மொழியாகத் தவறான தகவல் தந்ததற்கான காரணம். கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தைப் பார்த்து ஆலை முதலாளிகள் வேர்த்திருக்கிறார்கள். சனிக்கிழமை தபாலில் சேர்த்தார்.

புதன்கிழமை ஹோபர்ட் ஒரு தகர டப்பாவை ஜன்னல் வழியே நீட்டினார். உள்ளே கேக். மேலே பென்சிலில், கண் தெரியாதவர்கள் எழுதுகிற பெரிய கோணல் எழுத்தில் ஒரு சீட்டு:

"பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு ரெண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். என் மனசை ஆற்றணும்னு இவ்வளவு கஷ்டப்பட்டு யாரும் எனக்காகப் பொய் எழுதினதில்லை. நன்றி."

வெண்டல் அதைத் தபாலாபீசிலேயே நின்று படித்தார்.

"நல்ல சேதியா?" என்றார் ஹோபர்ட்.

"ம்," என்றார் வெண்டல்.